ஈடித் சுரங்கத்துச் செங்கல்

மாசிபாண்டாவை எனக்கு முதலில் பிடிக்காது. கல்லைப் பார்த்துப் பேசுவாளே தவிர மனுஷரைப் பார்த்துப் பேச மாட்டாள். ஊரில் பாதிச் சுவர் நான் கட்டியது. ஒன்றையாவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. சிபாண்டா குலத்தில் பிறந்ததால் அந்தப் பேர்; எங்கள் பக்கம் பெண்களைக் குலப்பேருக்கு முன்னால் 'மா' சேர்த்துத்தான் கூப்பிடுவோம். அவளைச் சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிடும் தைரியம் குவாண்டா பக்கத்தில் யாருக்கும் கிடையாது.

கைவிடப்பட்டுக் கிடந்த ஈடித் தங்கச் சுரங்கத்தின் உரிமைச் சீட்டு அவளிடம் இருந்தது; சில ஆட்களை வைத்து அதில் வேலை நடத்தி வந்தாள். வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று பத்தொன்பது வருஷம் தோண்டிவிட்டு 1931இல் போட்டது போட்டபடி போய்விட்டது. மலையின் ஆவி பள்ளத்தில் மேய்ந்த மாடுகளைக் கொன்றது, அதனால் ஓடினார்கள் என்று ஊர் சொல்லும். மாசிபாண்டா கேட்டுச் சிரிப்பாள். மேலே இருந்த துருப்பிடித்த சிவப்புக் கல்லில் தங்கம் தனியாகக் கிடந்தது, இடித்துக் கழுவினால் போதும். ஆழம் போகப் போக வெள்ளிபோல் மினுங்கும் கல் வந்தது. அதில் தங்கம் பாஷாணத்தோடு ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தது. சூளையில் போட்டு வறுத்தார்கள். அந்தப் புகைதான் மாடுகளைக் கொன்றது என்பாள்.

கல்லைச் சுத்தியலால் தட்டி முகர்ந்து பார்ப்பாள். பூண்டு வாடை அடித்தால் பாஷாணக் கல், கிட்டே போகாதே என்பாள். மூன்று மலை தாண்டியும் ஆட்கள் கல்லைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வந்தார்கள். ஒரு தடவைகூட அவள் சொன்னது தப்பவில்லை.

அந்த வருஷம் மழை பொய்த்தது. பெண்கள் ஒரு மணி நேரம் நடந்து ஆற்று மணலைத் தோண்டித் தண்ணீர் சுமந்தார்கள். ஊர் கூடிக் கிணறு வெட்டியது. உள்சுவருக்குச் செங்கல் இல்லை. மாசிபாண்டா தன் சுரங்கத்துப் பழைய புகைக்கூண்டை இடித்துச் செங்கலைச் சும்மாவே கொடுத்தாள். நான் அதை வைத்துக் கிணற்றின் உள்ளே சுற்றிக் கட்டினேன். தண்ணீர் ஊறிவிட்டது. சனிக்கிழமை திறப்பு.

மிஞ்சிய செங்கல்லில் என் மனைவி மாமோயோவுக்கு ஓர் அடுப்பு போட்டேன். வியாழக்கிழமை அவள் மக்காச்சோளக் களி கிண்டிக்கொண்டிருந்தபோது தள்ளுவண்டியைத் திருப்பித் தர வந்தாள் மாசிபாண்டா.

"என்ன மாமோயோ, பூண்டெல்லாம் போட்டுச் சமைக்கிறே?"

மாமோயோ சிரித்தாள். "பூண்டா? கடையில பாத்ததோட சரி. வெறும் களிதான்."

மாசிபாண்டா பானையை இறக்கிக் களியைக் குப்பையில் கொட்டினாள், அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். நான் கத்தினேன். அவள் காதில் வாங்கவில்லை. ஆறிய கல்லை எடுத்து உடைத்தாள். உள்ளே உப்புப் பூத்தாற்போல் வெள்ளையாகப் படிந்திருந்தது. அந்தக் காலத்துப் பாஷாணப் புகையெல்லாம் செங்கலுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. அவள் முகம் செத்துப்போயிற்று.

"அடுப்பை இடிச்சிடறேன், கிணத்தை விட்டுடு. தண்ணிக்குள்ள நெருப்பா எரியப்போவுது?" என்றேன்.

"இதுக்கு நெருப்பு வேணாம் டூபே. தண்ணியிலயே கரையும்."

கல் யார் கொடுத்தது என்று ஊர் கேட்கும், நீ தலைகாட்ட முடியாது என்றேன். உண்மையில் என் கவலை நான் கட்டிய கிணறு வீணாகிறதே என்பதுதான். மாமோயோவை அப்போதே மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டுப் போனாள். கூட்டிப்போனேன்; பயமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"கல்லு என்னோடது. தெரிஞ்சிருக்க வேண்டியவ நான்தான். அந்தத் தண்ணியில ஒரு சொட்டு யாரும் தொடக்கூடாது. கிணத்தை மூடணும்."

கூட்டம் கொதித்தது. இடுப்பில் குழந்தையோடு நின்ற மாகுமாலோ முகத்துக்கு நேராகக் கேட்டாள்: "ஊரான் கல்லையெல்லாம் மோந்து பாக்கிறவ, உன் கல்லை மட்டும் விட்டுட்டியா?"

"ஆமா. விட்டுட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். செங்கல்லில் தங்கம் இருக்காது, அதனால் முகர்ந்து பார்க்கத் தோன்றவில்லை என்று சாக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது அந்த நொடியில்தான்.

மறுநாளே சுரங்க வேலையை நிறுத்தினாள். செங்கலைப் பெயர்த்துப் பழைய சுரங்கக் குழியிலேயே புதைத்தோம், கிணற்றைத் தூர்த்தோம். மேட்டில், வேறு இடத்தில், புதுக் கிணறு. பாறையை உடைக்க அவளே தன் ஆட்களோடு உள்ளே இறங்கினாள். நான்கு மாதம். காலையில் மற்றப் பெண்களோடு ஆற்றுக்கு நடந்து தண்ணீரும் சுமந்தாள். வழியில் யாரும் அவளோடு பேசவில்லை. இந்தத் தடவை கருங்கல்லால் கட்டினேன், கூலி வாங்கவில்லை.

தண்ணீர் வந்ததும் புலவாயோ நகரத்துக்குப் பரிசோதனைக்கு அனுப்பினாள். சுத்தம் என்று சீட்டு வந்தது. எல்லாரும் கிணற்றைச் சுற்றி நின்றோம். முதல் வாளி மேலே வந்தும் ஒருவரும் கை நீட்டவில்லை. மாசிபாண்டா சீட்டைப் பிரித்துப் படிக்கப் போனாள்.

மாகுமாலோ அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அந்தக் காகிதம் கெடக்கட்டும். நீ சொல்லு, குடிக்கலாமா?"

"குடிக்கலாம்."

மாகுமாலோ வாளியில் குவளையை முக்கி, முதலில் தன் குழந்தைக்குக் கொடுத்தாள்.