தகவல் கிடைத்ததும் தெரிவிக்கப்படும்

போன ஞாயிற்றுக்கிழமை கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்ய உட்கார்ந்த என் மகள், கொஞ்ச நேரத்தில் போனைச் சோபாவில் விட்டெறிந்தாள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானதுன்னு ஒருத்தி சொல்லிக்கிட்டே இருக்காம்மா. முக்கியம்னா எடுத்துத் தொலைய வேண்டியதுதானே!"

அன்றைக்கு வீட்டில் மாப்பிள்ளை, சம்பந்தியம்மா என்று எல்லோரும் இருந்தார்கள். பேச்சு அப்படியே ஒரு விளையாட்டாகிவிட்டது. யார் யாருக்கு எந்தச் சொல்லைக் கேட்டால் எரிச்சல் வரும் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். 'பாத்துக்கலாம்' என்றார் மாப்பிள்ளை. அவருடைய மேலதிகாரி எதற்கும் அப்படித்தான் சொல்வாராம். சம்பந்தியம்மா 'தப்பா நினைக்காதிய' என்றார்கள். தப்பாக நினைக்கிற மாதிரி ஏதாவது சொல்லப் போகிறவர்கள்தான் அப்படி ஆரம்பிப்பார்களாம். சரியாகத்தான் சொன்னார்கள். கடைசியில் என் முறை வந்தது. வெங்காயம் நறுக்க வேண்டும் என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

வெங்காயத்தைக் கையில் எடுத்ததுதான் தப்பு. அந்த வாசனை என்னை நேரே பழைய ஆபீசில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

தூத்துக்குடி பழைய துறைமுகத்துப் பக்கம், தோணிகளுக்குச் சரக்குப் பிடித்து அனுப்பும் ஏஜென்சி அது. தோணி என்றதும் சின்னப் படகை நினைத்துக்கொள்ளாதீர்கள். மரத்தில் கட்டிய சின்னக் கப்பல் என்றே சொல்லலாம். பாயும் இருக்கும், இஞ்சினும் இருக்கும். மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கலும் ஏற்றிக்கொண்டு போகும். ஆபீசின் பின்னறை முழுக்க வெங்காய மூட்டைகள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் தாவணியை மோந்து பார்த்து அம்மா மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

படிப்பு முடித்து நான் சேர்ந்த முதல் வேலை. போனை எடுத்துப் பேச வேண்டும், பில் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். மேனேஜர் சென்னைக்காரர். வந்த முதல் நாளே என்னை உட்கார வைத்து, "இங்க போன்ல ஊர்ப் பேச்சு கூடாதும்மா. ரேடியோவுல பேசுற மாதிரி பேசணும்" என்றார். எனக்கு அது பெரிய கௌரவமாகப் பட்டது. கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். மளிகைக் கடையை அடைத்துவிட்டு வந்த அப்பா அதைக் கேட்டுவிட்டு, "ஏளா, வீட்டுக்குள்ள யாரு செய்தி வாசிக்கா?" என்று சிரித்தார். நான் முறைத்துக்கொண்டேன்.

அந்த ரேடியோத் தமிழில் எனக்கு ரொம்பப் பிடித்த வாக்கியம் ஒன்று இருந்தது. தோணி எப்போது வரும், சரக்கு எப்போது இறங்கும் என்று யார் கேட்டாலும், விவரம் கையில் இல்லையென்றால், 'தகவல் கிடைத்ததும் தெரிவிக்கப்படும்' என்று சொல்ல வேண்டும். யார் தெரிவிப்பார்கள், எப்போது தெரிவிப்பார்கள் என்பதெல்லாம் அதில் கிடையாது. வழுவழுவென்று இருக்கும். யாராலும் அதைப் பிடித்து நிறுத்தி மறு கேள்வி கேட்க முடியாது. வியாபாரிகள் அதைக் கேட்டுப் பல்லைக் கடிப்பது எனக்குப் போனிலேயே கேட்கும். ஒரு பலசரக்கு அண்ணாச்சி, "எம்மா, நீ மனுஷிதானா, இல்ல டேப்பு ஓடுதா?" என்று கேட்டார். அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அந்த வயது அப்படி.

ஒரு வருஷம், காற்றுக் காலம் முன்கூட்டியே பிடித்துக்கொண்டபோது, மாலத்தீவிலிருந்து திரும்பிய தோணி ஒன்று வந்து சேரவில்லை. அங்கிருந்து கிளம்பிவிட்டதாகப் பேக்ஸ் வந்திருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அந்தத் தோணியில் போனவர்களில் ஒருவர் திரேஸ்புரத்துச் சூசை. அவருடைய மனைவி ரெஜினா தெருமுனைக் கடையிலிருந்து போன் பண்ண ஆரம்பித்தாள். காசு போட்டுப் பேசுகிற போன் அது. காலையில் ஆபீஸ் திறந்ததும் ஒரு தடவை, சாயங்காலம் மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை.

"எம்மா, தோணியப் பத்தி ஏதும் தெரிஞ்சுதா?"

"தகவல் கிடைத்ததும் தெரிவிக்கப்படும்."

"சரிம்மா."

இவ்வளவுதான் எங்கள் பேச்சு. மற்றவர்களைப் போல அவள் கோபப்படமாட்டாள். சரிம்மா என்று சொல்லிவிட்டும் போனை வைக்கமாட்டாள். நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று நிற்பாள் போலிருக்கிறது. அவளுக்குப் பின்னால் கோழி கத்துவதும், யாரோ மீன் விலை சொல்வதும் கேட்கும். காசுக்கு உண்டான நேரம் தீர்ந்து, போன் தானாகவே அறுந்துவிடும்.

எனக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது. மேனேஜருக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்று மட்டும் சொல்லக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம். நாள் போகப்போக அந்த வாக்கியம் என் வாயில் கசக்கத் தொடங்கியது. ஒரு சாயங்காலம் ரெஜினாவின் குரல் ரொம்பவும் கம்மிப்போய் வந்தது. சொல்லவே தெம்பில்லாமல், "எம்மா, ஏதும்..." என்று இழுத்தாள். அந்தக் குரலுக்கு ரேடியோத் தமிழில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

"இன்னும் ஒண்ணும் தெரியலக்கா" என்றேன், அம்மாவிடம் பேசுகிற மாதிரி. பிறகு, "நீங்க சாப்பிட்டியளாக்கா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் கோழிச் சத்தம் மட்டும் கேட்டது.

"எதுக்கு இதக் கேக்கிய?" என்றாள் ரெஜினா. "இத்தன நாளும் கேக்காம இன்னைக்கு எதுக்குக் கேக்கிய? எம்மா, எங்கிட்ட எத மறைக்கிய?"

"ஐயோ, ஒண்ணுமில்லக்கா, சும்மாத்தான்..."

நான் முடிப்பதற்குள் ஒரு அலறல். ரிசீவர் எதிலோ மோதி மோதி ஆடும் சத்தம். பிறகு பல பெண்களின் குரல்கள். ஒப்பாரி எப்படி ஆரம்பிக்கும் என்று நான் அன்றைக்குத்தான் காதால் கேட்டேன்.

எரிச்சலூட்டும் அந்த வாக்கியத்தைத்தான் அவள் இத்தனை நாளும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள் என்பது எனக்குப் பிறகு புரிந்தது. அவளைப் பொறுத்தவரை, ஆபீசில் போனை எடுக்கிற பெண் டேப்பு மாதிரிப் பேசுகிற வரைக்கும் கெட்ட சேதி ஒன்றும் இல்லை. அந்தப் பெண் அக்கா என்று கூப்பிட்டுச் சாப்பாட்டை விசாரித்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். முன்பின் தெரியாதவர்கள் திடீரென்று குரலை மாற்றி அப்படி விசாரிப்பது துக்க வீட்டில்தானே!

கொஞ்ச நேரத்தில் சூசையின் தம்பி, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஆபீஸ் வாசல் நிறைய ஆட்கள் வந்துவிட்டார்கள். தம்பிக்காரர் உள்ளே நுழைந்ததும் கேட்டது, "அண்ணன் உடம்பு எங்கன இருக்கு?"

மேனேஜருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைக் கூப்பிட்டார். எல்லோர் முன்னாலும் போய் நின்றேன்.

"அந்த அம்மாகிட்ட நீ என்ன சொன்ன?"

நான் கையிலிருந்த பில் கட்டைச் சரிசெய்தேன்.

"சொல்லும்மா!"

"சாப்பிட்டியளான்னு கேட்டேன் சார்."

கூட்டத்தில் ஒருவராவது ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். சூசையின் தம்பி அப்படியே தரையில் குந்தி முகத்தைப் பொத்திக்கொண்டார். உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத மனிதருக்கு அந்த நேரம் அங்கே ஒரு தெருவே அழுதுகொண்டிருந்தது. அவமானம் என்றால் முகம் சிவக்கும் என்பார்கள். எனக்குக் கால்தான் குளிர்ந்தது.

மறுநாளிலிருந்து போன் என் மேஜையில் இல்லை. கணக்குப் பார்க்கும் சார் மேஜைக்குப் போய்விட்டது. நான் பில் மட்டும் அடித்தேன். காலையிலும் சாயங்காலமும் ரெஜினா போன் பண்ணும்போது அவர், "தகவல் கிடைத்ததும் தெரிவிக்கப்படும்" என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு தலை நிமிராமல் இருப்பேன். வீட்டில்கூட நான் யாரையும் சாப்பிட்டீர்களா என்று கேட்பதை விட்டுவிட்டேன். அம்மாவுக்குக் காரணம் தெரியாது.

நல்லவேளை, கதை நல்லபடியாக முடிந்தது. இஞ்சின் பழுதாகி, பாயும் கிழிந்து, நீரோட்டத்தில் போய்க்கொண்டிருந்த தோணியைப் தெற்கே பெரியதாழை மீனவர்கள் கண்டு இழுத்து வந்தார்கள். எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். கருத்து, மெலிந்து, ஆனால் உயிரோடு.

அடுத்த வாரம் சூசையும் ரெஜினாவும் லட்டுப் பொட்டலத்தோடு ஆபீசுக்கு வந்தார்கள். வாசலிலேயே அவர் சிரித்துக்கொண்டு, "உயிரோட இருக்கையில ஒப்பாரி வச்சா ஆயுசு கெட்டியாம்லா! எனக்கு ஆயுசு வாங்கித் தந்த பிள்ள எங்க?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

நான் எழுந்து பின்னறைக்கு ஓடி, வெங்காய மூட்டைகளுக்கு இடையில் நின்றுகொண்டேன். மேனேஜர், "அந்தப் பொண்ணைக் கண்டிச்சு வச்சிருக்கேன்" என்றார்.

"ஐயோ, ஏசாதிய சார்" என்றது ரெஜினாவின் குரல். போனில் கேட்டதைவிடக் கனமாக இருந்தது. "இத்தன நாள்ல எங்கிட்ட சாப்பிட்டியான்னு கேட்டது அந்தப் பிள்ள ஒண்ணுதான். அன்னைக்கு நான் சாப்பிடல சார். கூப்பிடுங்க, ஒரு லட்டு குடுத்துட்டுப் போறேன்."

கூப்பிட்டார்கள். ஒன்றுக்கு இரண்டு தடவை கூப்பிட்டார்கள். நான் மூச்சுக்கூட விடவில்லை. மூட்டை நூலைப் பிரித்துப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர்கள் போன பிறகு வெளியே வந்தபோது தலையெல்லாம் வெங்காயச் சருகு. மேஜையில் ஒரு லட்டு, காகிதத்தில் சுற்றி வைத்திருந்தது.

இப்போது அந்த ஆபீஸ் இல்லை. அந்த இடத்தில் டைல்ஸ் கடை. தோணிகளும் குறைந்துவிட்டன. போகிறவர்கள் கையில் நடுக்கடலிலும் பேசுகிற போன் இருக்கிறதாம். யாருடைய மனைவியும் தெருமுனைக் கடையில் காசை வைத்துக்கொண்டு நிற்பதில்லை. அந்தக் காசு போனும் எங்கே போனதோ.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மீன் வாங்கத் திரேஸ்புரம் போனபோது, ஒரு துணிச்சலில் மீன்காரப் பெண்ணிடம் கேட்டேன். "இங்கன ரெஜினான்னு..."

"எந்த ரெஜினா? தெருவுக்கு மூணு ரெஜினா உண்டும்மா. ஆளு எப்படி இருப்பா?"

எனக்குத் தெரியவில்லை. நான் அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை. உயிரோடு இருந்த புருஷனுக்கு ஒப்பாரி வைத்தார்களே, அந்த ரெஜினா என்று சொல்லியிருந்தால் உடனே கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருப்பாள்.

"சீலா என்ன விலை?" என்று கேட்டு, மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.