சி டிரைவில் ஒன்றுமில்லை

அழிரப்பர் வாசனை வந்தால் எல்லாருக்கும் பள்ளிக்கூடம் ஞாபகம் வரும். எனக்கு ராம் ஞாபகம் வரும்... கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ராம்.

திருவனந்தபுரத்து ஈரக்காற்றில் அதன் பொன்னிற விளிம்பில் ஒரு மங்கல் ஏறிவிடும். கழற்று, ரப்பரால் நாலு தேய், ஊது, திரும்பச் செருகு. பாதி கம்ப்யூட்டர்கள் அதிலேயே பிழைத்துக்கொள்ளும். வீட்டுக்காரர்கள் என்னைப் பெரிய டாக்டரைப் போலப் பார்ப்பார்கள்.

அதிலும் பிழைக்காவிட்டால் ஃபார்மட்; இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது. எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். தம்பானூரில் ஒரு சின்ன சர்வீஸ் கடையில் வேலை. கரமனையிலிருந்து பஸ். தோள்பையில் ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், தூசி தட்ட ஒரு பெயின்ட் பிரஷ், ரப்பர், சிடி பவுச். ஒரு நாளைக்கு ஐந்து வீடு, ஆறு வீடு. கேபினெட்டைத் திறந்தால் சில வீட்டில் பல்லி முட்டைகூட இருக்கும். ஆனால் எல்லா வீட்டிலும் முதல் பேச்சு ஒன்றேதான்.

"ஞான் ஒந்நும் செய்தில்ல, தனியே போயதா."

யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள். அது பாட்டுக்குத் தானாகவே போயிருக்கும்!

நேமத்தில் ஒரு டீச்சர் இருந்தார். சொந்த ஊர் பாறசாலைப் பக்கம், யாரையும் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார். பொன்முடி எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் தேயிலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். மகன் துபாயிலிருந்து லீவில் வந்தபோது கம்ப்யூட்டர் வாங்கிவைத்து, தமிழ் ஃபான்ட் போட்டுக்கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

நான் போன அன்று அது பாதியில் நின்று நின்று போனது. ரப்பர் வைத்தியம் பலிக்கவில்லை.

"சி டிரைவ்ல முக்கியமா ஏதாவது வச்சிருக்கேளா டீச்சர்? எல்லாம் அழிஞ்சுபோயிடும்."

"சி-யா? அதுல ஒண்ணும் இல்ல மக்களே. நான் எல்லாத்தையும் முன்னாலதான் வச்சிருக்கேன். தொறந்த ஒடனே காணுமே... அங்க."

அவர் சொன்னது டெஸ்க்டாப்பை. டெஸ்க்டாப்பில் இருப்பதெல்லாம் சி டிரைவுக்குள்தான் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் காப்பி எடுத்திருக்கலாம். அதற்கு இன்னொரு நாள் மெனக்கெட்டு வர வேண்டும். அன்றைக்கு அது ஐந்தாவது வீடு, கால் கெஞ்சியது. "ஒண்ணும் இல்ல" என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு ஃபார்மட்டுக்குச் சம்மதமா என்று திரை கேட்டதற்கு Y-ஐ அழுத்தினேன்.

சதவீதம் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. டீச்சர் கட்டன்சாயாவும் பழம்பொரியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார். தினமும் மத்தியானம் ஒரு பிள்ளையைப் பற்றி டைப் செய்கிறாராம். முப்பது வருஷத்தில் படித்த பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பற்றி நாலைந்து வரி.

"மறந்துபோறதுக்கு முன்ன எழுதி வைக்கணும், கேட்டியா? செல்லத்தாய்னு ஒருத்தி... அட்ட கடிச்சு ரெத்தம் வடியுற காலோட வந்து முத பெஞ்சில இருப்பா. பாண்டின்னு ஒருத்தன், மழ பெஞ்சா ஸ்லேட்ட சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு தான் நனைஞ்சிட்டு வருவான்..."

நான் பழம்பொரி தின்றுகொண்டே தலையாட்டினேன். நாற்பது சதவீதம்... அறுபது...

எல்லாம் ஏற்றி முடித்து கம்ப்யூட்டர் பளிச்சென்று எழுந்தது. டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

"எனக்க பிள்ளைய எல்லாம் எங்க மக்களே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயில் வந்தது இதுதான்:

"வைரஸ், டீச்சர். எல்லாத்தையும் தின்னுடுத்து."

"சாரமில்ல, போனா போட்டும்... எனக்க கை எங்கயாம் பட்டிருக்கும். நீ என்ன செய்வ" என்றார். சர்வீஸ் ஸ்லிப்பில் கையெழுத்துக் கேட்டேன். ரிமார்க்ஸ் கட்டத்தில் அச்சடித்தது போன்ற எழுத்தில் எழுதினார்: 'திருப்தி. பெண் பொறுமையாக வேலை செய்தாள்.'

அழிந்ததைத் திரும்ப எடுக்க வழி உண்டா என்று கடையில் சீனியரிடம் கேட்டேன். "ஃபார்மட் செய்து, அதிண்டெ மேலே எல்லாம் கேற்றியில்லே... பின்னே எந்து?" என்று, மேலேயே புதிதாக ஏற்றிவிட்ட பிறகு இனி என்ன மிஞ்சும் என்ற பாவனையில், அவர் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நானும் வேறு வீடுகளைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஆறு மாதம் கழித்து, வழக்கமான சர்வீஸுக்காக மறுபடி நேமத்துக்கு டீச்சர் வீட்டுக்குப் போக வேண்டிவந்தது. மானிட்டருக்கு லேஸ் வைத்த துணி உறை. "நான் இப்ப தொடுறதில்ல மக்களே, எதையாம் கெடுத்துப்போடுவேன்" என்றார். நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதிப் பார்த்தாராம். முப்பது பேருக்கு மேல் ஞாபகம் வரவில்லையாம்.

அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம். ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துவிட்டு வந்தேன். அதன் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

இப்போது எல்லாம் கிளவுடில் தானாகவே ஏறிக்கொள்கிறது. யாரோ அனுப்பிய குட்மார்னிங் பூக்கூடைகூட அழியமாட்டேன் என்கிறது. ஒரு ஃபோட்டோவை நீக்கப் போனால் ஃபோன் இரண்டு தடவை கேட்கிறது, நிச்சயமாகவா என்று. எனக்கு அழிக்கிற வேலையே அலுத்துவிட்டது, அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

போன மாதம் புது ஃபோன் வாங்கினேன். கழக்கூட்டத்தில் ஐடி வேலை பார்க்கும் மகள்தான் பழையதிலிருந்து எல்லாவற்றையும் மாற்றிக்கொடுத்தாள். ஆபீஸிலிருந்து வந்த களைப்பு, ஒரு கையில் அவளுடைய ஃபோன். மறுநாள் பார்த்தால், கிளவுடில் ஏறாத என் நோட்ஸ் மட்டும் காலி; பழைய ஃபோனையும் அவள் துடைத்து ரீசெட் செய்திருந்தாள். வருஷக்கணக்காக அவ்வப்போது எழுதிவைத்தது. செல்லத்தாயும் பாண்டியும்கூட அதில்தான் இருந்தார்கள்.

"அம்மா, நீ எதையாவது தொட்டிருப்பே" என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

நான் எதையும் தொடவில்லை.

"ஆமாண்டி... தொட்டிருப்பேன்" என்றேன்.