பத்தாவது நாற்காலி

காலி நாற்காலிகளை வைத்து மீட்டிங் நடத்துவதில் எங்கள் ரெமிஜியஸ் அங்கிளை மிஞ்ச ஐ.நா. சபையிலும் ஆள் கிடையாது. இதோ, ஆனேக்கல் ரோட்டில் தன் லேத் பட்டறைக்குள் பத்து பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, பத்தாவதை மட்டும் இரண்டு தடவை துடைக்கிறார். நான் உட்கார்ந்திருக்கும் எதிர் ஜெராக்ஸ் கடையிலிருந்து எல்லாம் தெரியும்.

பத்துப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால், எல்லாருக்கும் பொதுவாகக் கம்ப்யூட்டரில் ஓடும் லேத் ஒன்று வாங்க அரசாங்கம் முக்கால் பங்கு மானியம் தரும். அது இல்லாத பட்டறைக்கு இனி ஆர்டர் இல்லை என்று பெரிய கம்பெனி சொல்லிவிட்டது. அங்கிளின் இரண்டு லேத்துகளில் ஒன்று ஏற்கெனவே சாக்கைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது.

மூன்று வருடமாக ஒன்பது கையெழுத்துதான். புதிதாக ஒருவர் வந்தால் பழையவர் ஒருவர் போய்விடுவார். போன மாதம் நாகேஷ் தன் பட்டறையோடு மாநில எல்லை தாண்டி ஓசூருக்கே போய்விட்டார். அங்கே கரண்டில் சலுகையாம்.

"போவட்டும்டா க்ளென். அந்தப் பக்கம் ஒரு மானியம், இந்தப் பக்கம் ஒரு மானியம். நடுவுல நாம செக்போஸ்ட் மாதிரி நின்னுனு இருக்கோம்," என்று சிரித்தார். சிரிப்பு என்றுதான் நினைக்கிறேன்.

வியாழன்தோறும் விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலுக்கு அவரோடு விண்ணப்ப ஃபைலும் பஸ் ஏறும். அட்டை முழுக்க மெழுகு. "ஆபீஸ்ல வெக்கிறதவிட அங்க வெச்சாத்தான் மூவ் ஆவும்."

ஜூன் மாதம் நான் ஒரு வேலை செய்தேன். புது சிம்மில் கூப்பிட்டு, தொழில் ஆபீஸ் சுஹாஸ் பேசுகிறேன், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறோம் என்று கன்னடத்தில் அதட்டினேன். மனிதர் தனியாளாக இரண்டு நாள் சுண்ணாம்பு அடித்தார். மூன்றாம் நாள் இஸ்திரி போட்ட சட்டையோடு சாயங்காலம்வரை வாசலிலேயே நின்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கப்புறம் சுஹாஸ் நல்ல சேதி மட்டும்தான் சொல்வார்: ஃபைல் நகர்கிறது, மேடம் பார்த்துவிட்டார்.

நாளை கடைசித் தேதி. துடைத்த நாற்காலிகளில் இன்று வந்து உட்கார்ந்தது மூன்றே பேர்.

"பிடு குரு, விட்டுடு. ஆவாது. மிஷின பழைய இரும்புக்குப் போட்டுடறேன்," என்று முனியப்பன் எழுந்தது ரோட்டுக்கே கேட்டது.

கவுன்ட்டருக்குக் கீழே குனிந்து சுஹாஸாகக் கூப்பிட்டேன். கடைசித் தேதி ஒரு மாதம் தள்ளிப்போயிருக்கிறது என்றேன்.

"ஹௌதா சார்? தேங்க்ஸ் சார்!" என்றார் அங்கிள், எல்லாருக்கும் கேட்கிறபடி.

மூவரும் கை குலுக்கிவிட்டுப் போனார்கள். அங்கிள் நாற்காலிகளை அடுக்கிவிட்டு ரோட்டைக் கடந்து வந்தார்.

"டேட்டு தள்ளிட்டாங்கன்னு சொல்லிட்டேன். முனியப்பன் பாவம், சிரிச்சுனே போறான்."

"நல்லதுதானே அங்கிள்."

"ரெக்கார்டுக்கு வேணும். இத ஒரு காபி போடு."

ஜெராக்ஸ் மிஷினின் மூடியைத் தூக்கி, தன் போனைக் கண்ணாடிமேல் மல்லாக்க வைத்தார். திரையில், சற்றுமுன் வந்த கால்: 'க்ளென் – ரெண்டாவது நம்பர்'.