கயிற்று அறையில் நாலு நிமிடம்

என் தம்பி ரித்திக் சிறுவயதிலிருந்தே பயந்தாங்கொள்ளி. கரப்பான்பூச்சியைக் கண்டால் சோபாமேல் ஏறிவிடுவான். சிங்கப்பூரின் கட்டாயத் தேசிய சேவைக்கு அவனைப் போய்க் கடற்படையில் எடுத்தார்களே என்று வீட்டில் எல்லாரும் சிரித்தோம். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி மாதம். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தான். கப்பலிலும் நாளுக்கு ஒரே வேளை சைவச் சாப்பாடுதான். தெரிந்தால் விரதத்தை விடச் சொல்வார்கள் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. மழைக்காலக் கடல் சும்மா இருக்குமா? ஒருநாள் காலை வேலை முடிந்ததும் தலைசுற்றிக் குமட்டியது. வாந்தி எடுப்பதைப் பார்த்தால் கிண்டல் செய்வார்களே என்று, கயிறு வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டான்.

பத்து மணிக்கு ஆள் எண்ணியபோது ஒருவர் குறைந்தார். கூப்பிட்டார்கள், தேடினார்கள், பதிலே இல்லை.

ஒலிபெருக்கிச் சத்தத்தில்தான் இவன் விழித்திருக்கிறான். ஆள் கடலில் விழுந்துவிட்டதாக அறிவிப்பு. ஐயோ பாவம், யாரோ என்று பதறி எழுந்து லைஃப் ஜாக்கெட்டைத் தேடினான். அடுத்த அறிவிப்பில் பெயரைச் சொன்னார்கள். அது அவன் பெயர்.

கப்பல் சாய்ந்து திரும்பியது. தலைக்குமேல் பூட்ஸ் கால்கள் தடதடவென்று ஓடின. கதவைத் திறந்து, இங்கேதான் இருக்கிறேன் என்று சொன்னால் போதும். அவனால் முடியவில்லை. கேப்டனின் முகம், தண்டனை, அப்பா என்ன சொல்வார் என்ற நினைப்பு, எல்லாம் ஒன்றாக வந்து மறித்ததாம். இதோ போகிறேன், இதோ போகிறேன் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நாலு நிமிடம் நின்றிருக்கிறான்.

வெளியே வந்தபோது மீட்புப் படகு தண்ணீரில் இருந்தது. இறக்கும்போதே அலை அதைத் தூக்கிக் கப்பலின் பக்கவாட்டில் அடித்திருந்தது. படகிலிருந்த ஜெய்க்குத் தோள்மூட்டு விலகிவிட்டது. ஜெய் இவனுக்குப் பக்கத்துப் படுக்கைக்காரன், உயிர்க் கூட்டாளி. கடற்படை வேலையில் நிரந்தரமாகச் சேர்ந்து, முக்குளிப்பாளர் தேர்வுக்கு ஆறு மாதமாகப் பயிற்சி எடுத்தவன். இனி அந்தத் தேர்வை மறந்துவிடச் சொல்லிவிட்டார் டாக்டர்.

விழித்ததுமே ஓடி வந்ததாக விசாரணையில் சொன்னான் ரித்திக். நம்பினார்கள். தூங்கியதற்காக மூன்று வாரம் விடுப்பு ரத்தாகி, பால்குடமும் போயிற்று. நாலு நிமிடக் கதையை என்னிடம் மட்டும் சொல்லி அழுதான். "வாயை மூடிட்டு இரு. வெளிய தெரிஞ்சா உன்னை உள்ள தள்ளிடுவாங்க," என்று சொன்னவள் நான்தான்.

போன சனிக்கிழமை மதியம், புக்கிட் மேராவிலுள்ள எங்கள் வீட்டுக்கு ஜெய் சாப்பிட வந்தான். வலது கை கழுத்திலிருந்து தொங்கும் தூளிக்கட்டில். இடது கையால் ஸ்பூனில் மீன்குழம்புச் சோற்றை அள்ளித் தடுமாறிச் சாப்பிட்டான்.

"நீ உயிரோட இருக்கியே, அது போதும் லா," என்றான். "போட்ல இருந்து உன் பேரைத்தான் கத்திட்டு இருந்தேன். நீ செத்துட்டேன்னே நினைச்சேன்டா."

ரித்திக் தட்டைத் தள்ளி வைத்தான். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவன் என் பக்கம் திரும்பவேயில்லை.

"ஜெய், முழிச்ச அப்புறம் நாலு நிமிஷம் உள்ளயே நின்னேன்டா. பயமா இருந்துச்சு."

ஜெய் ஸ்பூனைக் கீழே வைத்தான். "நாலு நிமிஷமா?"

"ம்."

"உன் பேரைச் சொன்ன மூணாவது நிமிஷத்துலதான் எங்க போட்டை இறக்குனாங்க."

ஜெய் பாதிச் சோற்றை அப்படியே விட்டான். எழுந்து வாசலுக்குப் போனான். ஒரு கையால் ஷூ மாட்ட வரவில்லை. ரித்திக் ஓடிப்போய் மண்டியிட்டு ஷூவைப் பிடித்தான். ஜெய் காலை இழுத்துக்கொண்டான். ஷூவின் பின்பக்கத்தை மிதித்தபடியே லிஃப்டுக்கு நடந்தான்.

ரித்திக் தரையிலேயே இருந்தான்.

"அக்கா, அவன் கேப்டன்கிட்ட சொல்லிடுவானா?" என்று கேட்டான்.

நான் சொல்லிக்கொடுத்த பயம்தான் அது. என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.