கீழே வைக்க முடியாத பிளா

முதலில் காதுக்குத்தான் எட்டியது... மண் முட்டிக்குள் கள்ளு நுரைக்கிற சத்தம். பிறகுதான் மணம். அந்தப் புளிப்பு மணம் பட்டால் நீர்வேலி வாழைக்குலைகள் எல்லாம் ஒரே மூச்சில் பழுத்துவிடும் என்பது என் தாழ்மையான கணிப்பு, சபையோரே.

எண்பத்து மூன்று, சித்திரை லீவு. கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்த அந்த ஆடி மாதம் இன்னும் வந்திருக்கவில்லை.

அக்காவுக்குப் புதிதாகக் கலியாணம். அத்தான் கொழும்பில் பிறந்து வளர்ந்தவர், கண்ணாடிக் கிளாசில் பியர் குடிக்கிற கனவான். வருசப் பிறப்புவரை நிற்பதாக வந்தவர் அதற்குள் சூட்கேசை மூடிவிட்டார். அதுவரை அவர் எங்களோடு கதைத்ததை எல்லாம் ஒரு முத்திரையின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம்.

அக்கா என்னைக் கிணற்றடியில் பிடித்தாள்.

"அவருக்கு எங்கடை ஊர் பிடிக்கேல்லையடா. நாளைக்கே போவம் எண்டுறார். என்னவாவது செய்."

கண் கலங்கியிருந்தது. என்னிடம் இருந்ததோ ஒரு சைக்கிள்.

"அத்தான், எங்கடை ஊர்ப் பியர் ஒருக்கா பாப்பமே?"

கனவான் சைக்கிள் பாரில் ஏறினார். வல்லைவெளியில் எதிர்க்காற்று... மிதிக்க மிதிக்கப் பின்னுக்குத்தான் போனோம். எப்படியோ உடுப்பிட்டிக் கள்ளுத் தவறணையை அடைந்தோம்.

தனிப்பனைக் கள்ளு. ஒரே மரத்தில் இறக்கி, வேறு மரத்துக் கள்ளு ஒரு துளியும் கலக்காதது. அந்தப் பனையை அண்ணாந்து பார்த்தேன்... நிலவு களைத்தால் சாய்ந்து நிற்கிற உயரம். இவ்வளவு உயரத்துக்கு, மண்ணின் எந்த ஆழத்திலிருந்து இந்த இனிப்பு ஏறுகிறது? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பனையோலையைத் தோணிபோல மடித்துக் கட்டிய பிளாவில் வார்த்தார்கள். அத்தான் ஒரு மிடறு குடித்தார். கண் அகன்றது. "ஆ..." என்றார். பிறகு, பியர் கிளாஸ் பழக்கத்தில், பிளாவை வாங்குப் பலகையில் வைத்தார்.

பிளாவுக்கு அடி ஏது? சரிந்தது. பனை முழுவதும் அவருடைய வெள்ளைக் காற்சட்டையில்.

தவறணை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு அக்காவின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

பக்கத்து வாங்கிலிருந்து ஒரு குரல்: "கொழும்பே? உதைக் கீழை வைக்கேலாது, அண்ணை."

அத்தான் யோசித்தார். "அப்ப மூக்கு அரிச்சா?"

"அதுக்குத்தானே மச்சான் எண்டொரு சாமான் பக்கத்திலை இருக்கு."

தவறணை கூரை பறக்கச் சிரித்தது. அத்தானும்தான். திரும்ப வார்த்தார்கள். ஒரு மிடறு... பிறகு பிளாவை என்னிடம் நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் பிடியும், தம்பி."

முதல் தடவையாகத் தம்பி.

மூக்கைச் சொறிந்துவிட்டுச் சொன்னார்: "உங்கட வீட்டில எல்லாரும் என்னை மாப்பிள்ளை மாப்பிள்ளை எண்டு கதிரையிலயே இருத்தி வச்சிருக்கிறீங்கள். ஒரு வாளி தூக்கக்கூட விடேல்ல. எனக்கு அங்க என்ன வேலை?"

அடக் கடவுளே... ஊர் அல்ல, எங்கள் மரியாதைதான் அவரைத் துரத்தியிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் காற்சட்டையைத் தோய்க்க அவரே கிணற்றில் தண்ணி அள்ளினார். மாற்றிக் கட்டச் சாரம் வேண்டுமே... சூட்கேஸ் திறந்தது. வருசப் பிறப்பு முடியுமட்டும் அவர் அதை மூடவில்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வைக்கு ஒரு ராச்சியம் எழுதித் தரலாம்.

இப்போது ரொறன்ரோ. போன கோடையில் அத்தானோடு ஒரு சின்னப் பியர் ஆலைக்குப் போனோம். பலகையில் வரிசையாகக் குட்டிக் கிளாசுகள், ஒவ்வொன்றுக்கும் கல்யாணக் கார்ட் அளவு நீளப் பெயர். ருசிக்கும் குறைவில்லை. எல்லாக் கிளாசுக்கும் நல்ல அகலமான அடி. வைத்துவிட்டு எல்லோரும் போனைப் பார்க்கிறார்கள்.

அத்தான் ஒரு மிடறு குடித்தார். முன்னால் மேசையில் இடம் தாராளம். ஆனால் கை என் பக்கம் நீண்டது.

"இதைக் கொஞ்சம் பிடியும், தம்பி."

பிடித்துக்கொண்டேன்.