டாங்கிக்குள் சமையல் எண்ணெய்

பக்கத்து வீட்டு அண்ணையின் டீசல் காரை இரண்டு நாள் இரவல் வாங்கி ஓடினேன். திருப்பிக் கொடுக்கும் முன், டீசலை விட மலிவு என்று கடையில் வாங்கிய பத்துப் போத்தல் சமையல் எண்ணெயை டாங்கிக்குள் ஊற்றினேன். இங்கே ஜெர்மனியில் என்னோடு வேலை செய்த சிலர் கோடை முழுவதும் அப்படித்தான் கார் ஓடினார்கள். இது ஜனவரி மாதம்.

திங்கள் காலை அண்ணை கதவைத் தட்டினார். "கார் ஸ்டார்ட் வருதில்லை. ஒருக்கா வந்து லைற் பிடி."

புதிய வேலையில் அவர் இன்னும் நிரந்தரமாகவில்லை. ஏற்கெனவே இரண்டு முறை பிந்திப் போயிருந்தார்.

பற்றரியை அளந்தார். சரியாக இருந்தது. எஞ்சினைச் சூடாக்கும் பிளக்குகளை உறைபனியில் வெறுங்கையால் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தார். அவையும் சரி. முக்கால் மணி நேரம் நான் வாய் திறக்காமல் லைற் பிடித்தேன். கடைசியில் டீசல் ஃபில்டரைத் திறந்தார். உள்ளே உறைந்த நெய் போல மஞ்சளாக இருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தார்.

"என்னடா, வடை சுடவோ எண்ணெய் விட்டனீ?"

"ஓம் அண்ணை. குளிருக்கு இறுகும் எண்டு தெரியாது."

"பிளக்கைக் கழட்டேக்க சொல்லியிருந்தா, பஸ்ஸிலயாவது போயிருப்பனே."

பிறகு முதலாளியின் எண்ணை அழுத்தித் தன் கைபேசியை நீட்டினார். "உனக்குத்தானே டொச் வடிவா வரும். என்ன நடந்தது எண்டு செஃப்பிட்டை நீயே சொல்லு."

பற்றரி இறங்கிவிட்டது என்று நான் செஃப்பிடம் சொன்னேன். ஜெர்மன் மொழியிலும் பற்றரிக்கு ஏறத்தாழ அதே சொல்தான் என்பதால், அண்ணைக்கும் விளங்கியது.