ஆசிட் பாட்டிலும் மரகதம் அக்காவும்

சென்ற வாரம் விடிந்ததும் விடியாததுமாகப் போன் வந்தது. மரகதம் அக்காவின் தங்கை சாந்தி. "அக்கா போயிருச்சு" என்று அழுதாள். நான் முதலில் கேட்டது, "அவன் வந்தானா?" என்றுதான். "இல்ல, தூக்கத்துலயே போயிருச்சு. மாரடைப்புங்கறாங்க" என்றாள். அதன் பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

அவன் என்றால் அக்காவின் கணவன். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை முகத்தில் ஊற்றி, இரண்டு கண்களையும் அவித்தவன். அவன் ஜெயிலுக்குப் போனதும் அக்கா நாகல் நகரில் தனியாக வீடு பிடித்தார். எங்கள் அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். பக்கத்து நாற்காலி என்னுடையது. "கண்ணு தெரியாத பொம்பள தனியா எப்படி இருப்ப?" என்று கேட்காத சொந்தம் இல்லை.

அக்கா பேசும் பேனா ஒன்று வாங்கினார். டப்பாவில் பொட்டு போல ஸ்டிக்கர் ஒட்டி, பேனாவால் அதைத் தொட்டுப் பேசினால் பதிந்துகொள்ளும். மறுபடி தொட்டால் பேசும். அக்கா வீட்டு டப்பாக்கள் வையவும் செய்யும். "மொளகாப்பொடி. அம்புட்டையும் கொட்டிராத மூதேவி" என்று அவர் குரலிலேயே வரும். ஆபத்தான பாட்டில்களின் கழுத்தில் கூடவே ஒரு ரப்பர் பேண்டும் போட்டு வைப்பார். "ஆசிட்டால கண்ணு போச்சு, அத எதுக்குக்கா வீட்ல வச்சிருக்கீங்க?" என்றேன். "கக்கூஸ ஒங்கப்பனா வந்து கழுவுவாரு?" என்றார்.

தண்டனை முடிந்து வந்தவன், அக்கா வேலைக்குப் போயிருந்தபோது பின்கதவை நெம்பிப் புகுந்தான். பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, தண்ணீர் பாட்டில் ஸ்டிக்கரையும் ஆசிட் பாட்டில் ஸ்டிக்கரையும் மாற்றி ஒட்டினான். அவர் குடித்துத் துடிப்பதைப் பார்க்க உள்ளேயே நின்றான்.

கிழிந்த உதட்டோடு அக்கா மறுநாள் சொன்னார்: "பேனா தண்ணின்னுச்சு. கழுத்துல ரப்பர் பேண்டு தட்டுப்பட்டுச்சு. பீடி நாத்தம் வேற. நாயி இங்கனதான் நிக்கிதுன்னு தெரிஞ்சுபோச்சு. பாட்டில வச்சுட்டு அம்மிக் கொழவிய எடுத்தேன்." அவன் அக்காவின் கழுத்தை நெரித்திருக்கிறான். அக்கா குழவியை அவன் முட்டியில் இறக்கியிருக்கிறார். சில்லு நொறுங்கிவிட்டது.

"அந்த ஆசிட்ட அவன் மூஞ்சில ஊத்திருக்கலாம்ல?" என்று ஆத்திரம் தாங்காமல் கேட்டேன்.

"ஊத்திட்டு? அவனுக்குக் கண்ணு போனா, நாந்தான் வச்சுப் பாக்கணும்பாய்ங்க."

வழக்கு நடக்கிறது. ஜாமீனில் இருந்தவன், ஒரு காலை இழுத்துக்கொண்டு சாவு வீட்டுக்கும் வந்தான், கையில் குங்குமச் சிமிழோடு! "என்ன இருந்தாலும் தாலி கட்டுனவன். சுமங்கலியா அனுப்பணும்ல, ஒதுங்கும்மா" என்றார் ஒரு பெரியவர். வாசலில் கிடந்த செருப்பை எடுத்து அவன் வாயிலேயே அடித்தேன். சாந்தி விறகுக்கட்டையோடு வந்தாள். சிமிழ் தெறித்தது, பல்லும் தெறித்தது. தெருவில் தள்ளிக் கதவைச் சாத்தினோம்.

சாந்திதான் கொள்ளி வைத்தாள். தழும்பேறிய அந்த நெற்றி வெறும் நெற்றியாகவே தீக்குள் போனது. அவன் கை படவில்லை, அக்கா. நிம்மதியாகப் போய் வாருங்கள்.